ஐம்பது கிராம்

பிப்ரவரி 11, செவ்வாய்.
இன்றைய பிழை: மூன்றாம் தொட்டிக்குப் பொடி ஐம்பது கிராம் என்று பதிவேட்டில் எழுதினேன். சித்தி போட்டதை நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பார்க்காததைப் பார்த்தது போல எழுதியது தவறு.
நாளை: தொட்டியை விட்டு நகரக் கூடாது. எத்தனை மூடி என்று எண்ண வேண்டும்.

இதை எழுதியவளுக்கு இருபத்திரண்டு வயது. குளிர்பானக் கம்பெனியில் எல்லோரும் அவளை 'ரிஜிஸ்டரு' என்றுதான் கூப்பிட்டார்கள். கலவை அறையின் பதிவேடு அவள் கையில் இருந்ததால் வந்த பெயர். ஆனால் இந்த நோட்டு கம்பெனியுடையது இல்லை. வாரத்தில் நான்கு நாள், வேலை முடிந்ததும், ஒரு பள்ளிக்கூட மாடியில் நடக்கும் உணவுத் தரக் கண்காணிப்பு வகுப்புக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு வேலை நாட்குறிப்பு வைக்க வேண்டும் என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். முதலில் அன்றைய பிழை, கடைசியில் நாளைய வேலை. "இருக்க வேண்டியதை எழுதாதீங்க, கண்ணால பார்த்ததை எழுதுங்க" என்றார். மற்றவர்கள் சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கும் சேர்த்து எழுதினார்கள். அவள் அன்றாடம் எழுதினாள். பிழை ஒன்றும் அகப்படாத நாளில்தான் அவளுக்குச் சந்தேகம் வரும், எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் எழுதியபடியே தொட்டியருகில் நின்றாள். ஐந்நூறு லிட்டர் தொட்டி. அடியில் துடுப்பு சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே கலக்கும் வேலை பார்த்த சித்தி பழைய துணியை மூக்குக்கும் வாய்க்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, சர்க்கரை மூட்டையைப் பிரித்துச் சரித்தாள். பாதி மூட்டை விழுந்ததும் நிமிர்த்தி, வாயை முறுக்கி ஓரமாக வைத்தாள். போன மழைக்காலம் வரைக்கும் தொட்டிக்கு ஒரு முழு மூட்டை. சர்க்கரை விலை ஏறியதும் மேனேஜர் வந்து, "இனி அரை மூட்டை போதும். மிச்சத்தைப் பொடியால சமாளிங்க" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஒரு மாற்றமும் இல்லை. 'இனிப்புப் பொடி: தொட்டி ஒன்றுக்கு 50 கிராம். அதற்கு மேல் சட்டப்படி குற்றம்.'

பொடி வெள்ளை டின்னில் இருந்தது. பார்வைக்கு உப்பு மாதிரி. டின்னைத் திறந்தாலே போதும், காற்றில் ஏறி உதட்டில் படிந்துவிடும். நாள் முழுக்க அந்த அறையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் இனிக்கும், ரொட்டி இனிக்கும், நெற்றியிலிருந்து வாய்க்கு வழியும் வியர்வையும் இனிக்கும். இனித்து முடிந்த பிறகு நாக்கின் அடியில் ஆணியைச் சப்பியது போல ஒரு கசப்பு நிற்கும்.

தராசு மேசை காலியாகக் கிடந்தது. எண் மங்கிக்கொண்டே வந்த தராசைப் பழுது பார்க்கக் கொண்டுபோய் ஆறு வாரம் ஆகிவிட்டது. போவதற்கு முதல் நாள் அவள்தான் ஒரு ஜாம் பாட்டில் மூடியைத் தலைதட்டி நிறுத்துப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு மூடி இருபத்தைந்து கிராம். இரண்டு மூடி ஐம்பது.

சித்தி இரண்டு மூடி போட்டாள். துடுப்பு நான்கைந்து சுற்று சுற்றட்டும் என்று நின்றாள். பிறகு நீளக் கரண்டியை விட்டு எடுத்து, துணியைக் கீழே இறக்கி, நக்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன சித்தி?"

"பச்சத் தண்ணி மாதிரி இருக்கு கண்ணு."

"எனக்கு இனிக்குதே."

"உனக்கு இருபத்திரண்டு வயசு, எதைக் குடுத்தாலும் இனிக்கும்." சித்தி மூன்றாவது மூடியைப் போட்டாள். மறுபடி கரண்டி, மறுபடி நாக்கு. நான்காவது மூடி.

"நாலாச்சு சித்தி."

"நாலா? போன வாரம் கடைக்காரன் நாப்பது பெட்டியத் திருப்பி அனுப்பிட்டான், சப்புனு இருக்குன்னு. மேனேஜர் என்னைத்தான் நிக்க வெச்சுக் கேட்டாரு. உன் ரிஜிஸ்டர வந்து கேட்டாரா?"

பாட்டில்களுக்கு மூடி திருகும் இயந்திரத்தில் இருந்த மூடிக்காரி அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ஏ ரிஜிஸ்டரு, உங்க சித்தி நாக்குக்கு ஒரு கட்டம் போட்டு எழுதேன். அதுதானே இங்க தராசு!"

"உன் வாய்க்கு ஒரு மூடி திருகிக்க முதல்ல" என்றாள் சித்தி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவள் பதிவேட்டைத் திறந்தாள். தேதி, தொட்டி எண், சர்க்கரை, பொடி, தராசு சரிபார்த்தது. கடைசிக் கட்டத்தில் ஆறு வாரமாக ஒவ்வொரு வரியிலும் 'ஆம்' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. தராசு போன முதல் நாள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். மேனேஜர் பேனாவைத் திருப்பி அவள் கையில் வைத்து, "காலியா இருந்தா கேள்வி வரும்மா" என்றார். பொடிக் கட்டத்தில் அவள் 50 என்று எழுதினாள். எழுதும்போது ஐந்தின் வயிறு கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

ஒரு டின் ஆயிரம் கிராம். கணக்குப்படி இருபது தொட்டிக்கு வர வேண்டும். அன்று வகுப்பு முடிந்து வந்து நோட்டில் எழுதினாள்: 'டின் பத்துத் தொட்டியில் தீர்ந்துவிட்டது. நான் எண்ணியது தவறாகவும் இருக்கலாம்.'

வியாழக்கிழமை உணவு ஆய்வாளர் வந்தார். முன்னறிவிப்பு இல்லை. தலைக்குத் தொப்பியும் காலுக்கு உறையும் தானே கொண்டுவந்து போட்டுக்கொண்ட மனிதர். கிடங்கில் அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றைத் தன் கையால் பிரித்து, நான்கு பாட்டில்களை எடுத்து, காகிதம் சுற்றி, நூல் கட்டி, அரக்கு வைத்தார். பாட்டிலின் கழுத்தில் அச்சாகியிருந்ததை வாய்விட்டுப் படித்து எழுதிக்கொண்டார்: பிப்ரவரி பதினொன்று, தொட்டி மூன்று.

அவள் பார்க்காமல் எழுதிய தொட்டி அது. இத்தனை நாளில், இத்தனை தொட்டியில், அவர் கை போனது அந்த ஒன்றின் மேல்.

கலவை அறைக்கு வந்து பதிவேட்டைப் புரட்டினார். "யார் எழுதுறது? கையெழுத்து முத்து முத்தா இருக்கே."

"நான்தான் சார்."

"தராசு எங்க?"

"சர்வீஸுக்குப் போயிருக்கு சார். நேத்துதான் குடுத்தோம்" என்றார் மேனேஜர்.

ஆய்வாளர் அவளைப் பார்த்தார். "நேத்தா?"

மேனேஜர் அவள் பக்கம் திரும்பவில்லை. சுவரிலிருந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய கரண்டியையே மறுபடி கழுவினாள்.

"ஆமா சார்" என்றாள் அவள்.

பிப்ரவரி 13, வியாழன். இன்றைய பிழை: ஆய்வாளர் கேட்டபோது தராசு நேற்றுப் போனதாகச் சொன்னேன். போய் ஆறு வாரம்.

வீட்டில் மூன்று பேர். சித்தி, சித்தப்பா, அவள். அம்மா இறந்த பிறகு பத்து வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள், பிறகு எங்கும் போகவில்லை. சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலில் மூன்று விரல்களை எடுத்ததோடு லாரி ஓட்டுவது நின்றுபோனது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"டாக்டர் சர்க்கரையத் தொடாதேன்னுட்டாரு. எனக்கென்ன கவல? உன் சித்தி கையால ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாப் போதும், பாயசம் குடிச்ச மாதிரி இருக்கு. கம்பெனிக்காரன் வீட்டுக்கே சப்ளை பண்றான்."

"பேசுறதுக்கு வரி போட்டா இந்த மனுஷன் குடும்பத்தை என்னிக்கோ ஏலத்துக்கு விட்டிருப்பாரு" என்றாள் சித்தி, அடுப்பைப் பார்த்தபடி. பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, அவளிடம் நீட்டினாள். "உப்புப் பாரு கண்ணு."

அவள்தான் தினமும் உப்புப் பார்ப்பாள். ஒரு வருடத்துக்கு மேலாக அப்படித்தான். முதலில் சித்தி உப்பை அள்ளிப் போட்டாள், சித்தப்பா முகத்தைச் சுளித்தார். பிறகு போடவே பயந்தாள். இப்போது கரண்டியை நீட்டுவது பழக்கமாகிவிட்டது.

"இன்னும் ஒரு சிட்டிகை."

சித்தி போட்டாள். கை விரல் நுனிகள் நீரில் ஊறியது போல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

மூன்று வாரம் ஒரு செய்தியும் வரவில்லை. மார்ச் ஆறாம் தேதி மதியம் சித்தியையும் அவளையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் அரசு முத்திரை வைத்த தாள் இருந்தது. மேனேஜரின் கண்கள் சிவந்திருந்தன. அவரும் தூங்கவில்லை போலிருந்தது.

"லிட்டருக்கு நூறு மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம். இதுல இருநூத்தி அறுபது" என்றார். "இது பள்ளிக்கூட வாசல்ல போய் விக்கிற சரக்கும்மா. சின்னப் பசங்க குடிக்கறது. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

ஐந்நூறு லிட்டருக்கு நூற்று முப்பது கிராம். அவள் மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். ஐந்து மூடிக்கும் மேலே. சித்தியின் பக்கம் குனிந்து, "அன்னிக்கு எத்தனை மூடி போட்டே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? நாக்கு சொல்ற வரைக்கும் போட்டேன்." சித்தி தன் கைகளைப் பார்த்தாள். "அது ஒண்ணும் சொல்லவே இல்ல."

மேனேஜர் இன்னொரு தாளை நகர்த்தினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. கலவைப் பணியாளர், நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான அறிவுறுத்தலுக்கு மாறாக, மேற்படி தேதியில் தன் விருப்பப்படி அதிக அளவு பொடியைச் சேர்த்துவிட்டார். நிர்வாகத்துக்கு இது தெரியாது. அவர் பணியிலிருந்து விலக்கப்பட்டுள்ளார்.

"அரை மூட்டைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள் அவள்.

"நான் எங்கயாவது எழுதிக் குடுத்தேனா?" அவர் கோபப்படவில்லை. "கம்பெனிய மூடுனா அறுபது பேர் வீட்ல உலை வைக்க முடியாது. நானும் அதுல ஒருத்தன். எனக்கு மேல உக்காந்திருக்கறவன் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ஆள் யாருன்னு." பிறகு சித்தியிடம் திரும்பினார். "உங்க மேல கேஸ் வராம நான் பாத்துக்கறேன். பொண்ணு வேலையும் போகாது. திங்கக்கிழமை ஆபீஸ்ல வந்து ரிஜிஸ்டர் உண்மைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்."

சித்தி பேனாவை வாங்கினாள். தன் பெயரை எழுத்து எழுத்தாக, ஒவ்வொன்றுக்கும் பேனாவைத் தூக்கி வைத்து எழுதினாள். பதினான்கு வருடமாகச் சம்பளத் தாளில் போட்ட அதே கையெழுத்து. எழுதிய தாளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது.

வெளியே மூடிக்காரி காத்திருந்தாள். சித்தியின் சாப்பாட்டு டப்பாவைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். அதைக் கொடுத்துவிட்டு, "வரேன்னு சொல்லிட்டுப் போக்கா" என்றாள்.

"எதுக்குடி வர? மூடி திருகவா?" என்றாள் சித்தி.

அன்று மாலை வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் ஒரு மனித உருவம் வரைந்து, பக்கத்தில் எடையை எழுதினார். ஒரு மனிதன் தன் எடைக்குத் தக்கபடி ஒரு நாளைக்கு எவ்வளவு இனிப்புப் பொடியை உட்கொண்டால் ஆபத்தில்லை என்று கணக்கிடும் முறை அது. அந்த அளவைவிடக் குறைவாகவே சட்டம் வரம்பு வைத்திருக்கிறது, குழந்தைகளையும் நினைத்து வைத்தது, என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

அவள் கையைத் தூக்கினாள். "குடிக்கறவங்களுக்கு இவ்வளவுன்னு இருக்கு டீச்சர். கலக்கறவங்களுக்கு எவ்வளவு?"

"கலக்கறவங்கன்னா?"

"தினமும் அதுலயே நிக்கறவங்க. மூச்சுல போகுது, நாக்குல படுது. பத்துப் பதினஞ்சு வருஷம்."

டீச்சர் புத்தகத்தை எடுத்துப் பின்பக்கத்து அட்டவணையில் விரலை ஓட்டினார். இரண்டு பக்கம் புரட்டினார். நல்ல மனுஷி, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல மாட்டார். "இதுல இல்லம்மா. அது உணவுல வராது. தொழிலாளர் நலன். வேற துறை" என்றார். பிறகு சாக்பீஸைத் தட்டிவிட்டு, உருவத்தின் எடையை மாற்றி எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் நோட்டைப் புரட்டினாள். தராசு போன தேதி இருந்தது. மேனேஜர் அரை மூட்டை என்று சொன்ன நாள், அவர் சொன்ன சொற்களோடு இருந்தது. டின் எத்தனை தொட்டிக்கு வந்தது, எந்தத் தொட்டியில் நான்கு மூடி, எதில் நான்கரை, எல்லாம் இருந்தது. அந்தப் பக்கங்களில் தாள் நுனியை மடித்து வைத்தாள். பதினேழு மடிப்பு. மறுபடி எண்ணினாள், பதினேழுதான்.

சித்தி அதைப் பார்த்துக்கொண்டே துணி மடித்தாள். "எடுத்துட்டுப் போகப் போறியா?"

"உண்மைதானே சித்தி எழுதியிருக்கேன்."

"உண்மைதான். யாரு இல்லன்னா? அதைக் காட்டி எனக்கு நாக்கை வாங்கிக் குடுப்பாங்களா? ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா அவருக்கு ஊசி மருந்து யாரு வாங்குவா? பேசாம அந்த ஒரு வரிய எழுதிக் குடுத்துட்டு வா."

சித்தப்பா காலைத் திண்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டைத் தானே அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவள் நோட்டைக் கைப்பையின் அடியில் வைத்துக்கொண்டுதான் போனாள். ஆய்வாளர் அலுவலகத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பால்காரர் ஒருவர், ரொட்டிக் கடைக்காரர் ஒருவர், மடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண். மேனேஜர் கடைசியில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

ஆய்வாளருக்கு அவளை நினைவிருந்தது. "முத்து முத்தா எழுதற பொண்ணு" என்றார். பதிவேடு அவர் முன்னால் திறந்திருந்தது. "உக்காரும்மா. இதெல்லாம் நீ எழுதினதுதானே? உண்மைன்னு இங்க எழுதிக் கையெழுத்துப் போடு."

அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, பதிவேட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது?"

"இதுவும் நான் எழுதினதுதான் சார். இதுல இருக்கறதுதான் நிஜம்."

அவர் மடித்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவசரப்படவில்லை. ஓரிடத்தில் நின்று, மறுபடி படித்தார். பிப்ரவரி பதின்மூன்று. அவர் அவளைக் கேட்ட கேள்வியும் அவள் சொன்ன பதிலும் அங்கே இருந்தன. அவர் காது மடல் சிவந்தது.

"அப்ப என்கிட்ட பொய் சொல்லியிருக்க."

"ஆமா சார்."

"இந்த ரிஜிஸ்டரும் பொய்."

"எழுதச் சொன்னாங்க சார். டின் எத்தனை வாங்கினாங்கன்னு பார்த்தாலே தெரியும். பத்துத் தொட்டிக்கு ஒரு டின் தீர்ந்துது."

"பில் பாத்தாச்சு. இருபது தொட்டிக்கு ஒரு டின்னுதான் பில்லுல இருக்கு." அவர் இரண்டு மடிப்பு பின்னால் புரட்டினார். "நாங்க எடுத்த சாம்பிள் பதினொண்ணாம் தேதி, மூணாவது தொட்டி. அதுக்கு நீ என்ன எழுதியிருக்க? 'சித்தி போட்டதை நான் பார்க்கவில்லை.' உன் நோட்டே சொல்லுது, நீ அங்க இல்லன்னு."

"அந்த ஒரு தொட்டிக்குத்தான் சார். மத்த எல்லாத்துக்கும்..."

"கேஸ் அந்த ஒரு தொட்டிதாம்மா."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நோட்டின் தாள்கள் எழும்பி எழும்பி அடங்கின. அவர் அதன் மேல் ஒரு கனத்த கோப்புக்கட்டை எடுத்து வைத்தார். பிறகு அதையும் எடுத்துவிட்டார்.

"நான் இதை வாங்கி நம்பர் போட்டா, முதல் ஆளா உன் பேரைத்தான் எழுதணும். பொய்யான பதிவு தனிக் குற்றம். ஆறு வாரம், ஒரு நாளைக்கு நாலு வரி. ரெண்டாவது உங்க சித்தி. அவங்கதான் எழுதிக் குடுத்திருக்காங்களே. மேனேஜர் வாயால சொன்னதுக்கு சாட்சி யாரு? நீங்க ரெண்டு பேரும். ரெண்டு பேருமே குற்றவாளி." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இந்த வட்டாரத்துல நானூறு கம்பெனி. ஆளு நான் ஒருத்தன். பொடி அளவு குறையணும், அதுதான் என் வேலை. நாளையிலேர்ந்து குறையும். தராசு வந்தாச்சு, நானே போய்ப் பாத்துட்டேன்."

நோட்டை மூடி, இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வேளை எண்ணியது தவறாக இருக்குமோ, பதினேழு மடிப்பில் ஒன்றிரண்டு தவறாக இருக்குமோ என்று தோன்றியது. அப்படி இல்லை என்றும் தெரிந்தது. வெளியே பெஞ்சில் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பையிலிருந்து தன் பேனாவை எடுத்தாள்.

'கலவை அறைப் பதிவேட்டில் உள்ள விவரங்கள் உண்மை.'

ஆறு சொல். ஒரு அடித்தல் இல்லாமல் எழுதினாள்.

மேனேஜர் வாசலில் நின்று அபராதச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவளோடு நடந்து வந்தார். கம்பெனிக்குத் திருத்த அறிவிப்பு கொடுத்திருக்கிறார்கள், கலவை அறையில் இனிமேல் தரக் கண்காணிப்புப் படித்த ஆள்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், என்றார்.

"உனக்கு எப்ப சர்டிஃபிகேட்?"

"அடுத்த மாசம் சார்."

"படிச்சிட்டிருக்கான்னு எழுதிட்டேன், ஒத்துக்கிட்டாரு. நாளையிலேர்ந்து தொட்டி உன் பொறுப்பு. உங்க சித்தி இடம்தானே, வெளியாளுக்குப் போகலன்னு வெச்சுக்க."

"சர்க்கரை முழு மூட்டையா சார்?"

அவர் பேருந்து வரும் பக்கம் எட்டிப் பார்த்தார். "அரை மூட்டைதான். பழைய பொடி அம்பது கிராமுக்கு மேல ஒரு குண்டுமணி ஏறக் கூடாது. புதுசா ஒரு பொடி வந்திருக்கு, நீல டின். இதுக்கு இன்னும் வரம்பு வைக்கல. லேப்ல இதைப் பாக்கறதும் இல்ல. ரெண்டு மூடி போட்டு ஆரம்பி, குறைஞ்சா ஏத்திக்க."

"எப்படி சார் தெரியும், குறையுதான்னு?"

"உங்க சித்தி எப்படிப் பாத்தாங்க?" என்றார். பேருந்து வந்துவிட்டது.

வீட்டில் சித்தி விளக்கைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் இருந்தாள். பதினான்கு வருடத்தில் முதல் முறையாகத் திங்கட்கிழமைப் பகல் முழுக்க வீட்டில் இருந்தவள், பாத்திரங்களையெல்லாம் இறக்கித் துலக்கிக் கவிழ்த்திருந்தாள். என்ன ஆனது என்று கேட்கவில்லை. அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டியதைப் பார்த்தாள். நோட்டு உள்ளேயே இருந்ததைப் பார்த்தாள்.

"யாரைப் போட்டிருக்காங்க என் இடத்துல?"

அவள் பைக்குப் பக்கத்திலேயே நின்றாள். சித்தி கொஞ்ச நேரம் கரண்டியால் பருப்பைக் கிளறினாள். பிறகு அலமாரியின் மேல் தட்டிலிருந்து, மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொள்ளும் அந்தத் துணியை எடுத்தாள். அன்று அதையும் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்திருந்தாள். அதை அவள் தோளில் போட்டாள்.

"ரெண்டா மடிச்சுக் கட்டு. ஒத்தையாக் கட்டினா நிக்காது." பிறகு கரண்டியில் பருப்பை எடுத்து, ஊதி, நீட்டினாள். "உப்புப் பாரு."

அவள் நாக்கை நீட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

"என்னடி, தெரியலையா?" என்றாள் சித்தி.

"தெரியுது சித்தி. சரியா இருக்கு."

சித்தப்பாவுக்குத் தட்டை வைத்த பிறகு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மடித்த நுனிகளை நகத்தால் ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தினாள். பேனாவைத் தேடினாள். அடுப்படியில் கிடந்த பென்சிலை எடுத்துக்கொண்டு எழுதினாள்.

மார்ச் 10, திங்கள்.
இன்றைய பிழை: பேனாவை ஆய்வாளர் அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.
நாளை: காலை ஆறு மணி, முதல் தொட்டி. சர்க்கரை அரை மூட்டை. பழைய பொடி ஐம்பது கிராம், தராசில் பார்த்து எழுத வேண்டும். புதுப் பொடி இரண்டு மூடி. அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. நாக்கில் பார்க்க வேண்டும்.